கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் நாயனம் கேட்கிறது: கணினியில் வாசிப்பதும் பதிவதும் பற்றி உதவி தேவை

தங்கச்சிமடம் டீச்சர்:
எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் கும்மி அடிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், கடல் தொழிலை விட்டுக் கரையில் இருக்கும் பெரியவர்கள் இருவர், வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு பாடித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் மோகன ராகத்தில் சிறிது நேரம் நாயனம் (நாதசுரம்) ஒலிக்க வேண்டும், கும்மிக்குத் தவில் வேண்டும். மேளக்காரர்களை அழைக்கப் பள்ளியில் நிதி இல்லை. ஆகவே மடிக்கணினியில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை ஏற்றி, அதற்குள் இயங்கும் ஒரு நாயனச் செருகுநிரலை (ப்ளகின்) வைத்து, 25 கட்டைகள் உள்ள சிறிய மிடி கீபோர்டில் வாசிக்கிறேன்.

இரண்டு சிக்கல்கள். கட்டையை அழுத்தியதும் ஒலி வருவதில்லை, நன்றாகத் தெரியும் அளவுக்குத் தாமதமாக வருகிறது. தாளத்தோடு சேர்ந்து வாசிக்கவே முடியவில்லை. அடுத்து, வருகிற ஒலியில் ஒவ்வொரு சுரமும் வெட்டி வெட்டி நிற்கிறது. நாயனம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இங்கே கரையோரத்து நண்பர்கள் பலர் இசைப்பதிவு செய்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

தொண்டி லினக்ஸ்:
டீச்சர், ஒலியை எதன் வழியாகக் கேட்கிறீர்கள்?

தங்கச்சிமடம் டீச்சர்:
பள்ளியில் இருக்கும் ப்ளூடூத் ஒலிபெருக்கி வழியாக.

தொண்டி லினக்ஸ்:
பாதிக் காரணம் அதுதான். ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கிறது. அதற்கே 100 முதல் 200 மில்லி நொடி வரை, சில கருவிகளில் அதற்கு மேலும் போய்விடும். பாட்டுக் கேட்க அது பொருட்டில்லை, வாசிக்க உதவாது. கம்பி உள்ள ஹெட்போனைச் செருகி வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கீழக்கரை ஒலிக்கூடம்:
தம்பி சொன்னது சரி. ஆனால் கம்பி ஹெட்போனுக்கு மாறிய பிறகும் கொஞ்சம் தாமதம் மிச்சமிருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று விளக்கிவிடுகிறேன், பிறகு டீச்சரே சரி செய்துகொள்வார்.

நீங்கள் கட்டையை அழுத்தும்போது கீபோர்டிலிருந்து ஒலி எதுவும் கிளம்புவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற செய்தி மட்டும் போகிறது. அந்தச் செய்தி மொழிதான் மிடி. 1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வந்தது, இன்றும் அடிப்படை மாறவில்லை. செய்தி கணினிக்குள் வந்ததும் செருகுநிரல் அதைப் படித்து ஒலியாக்குகிறது. செருகுநிரலுக்குள் கருவியை வைக்கும் வசதி 1999இல், செருகுநிரல்களுக்கான விஎஸ்டி என்ற தரத்தின் இரண்டாம் பதிப்போடு வந்தது. உண்டான ஒலியைக் கணினி உடனே வெளியே விடுவதில்லை. ஒரு தொகுதி சேரும்வரை வைத்திருந்து மொத்தமாக அனுப்புகிறது. அந்தத் தொகுதியின் அளவுதான் பஃபர். உங்கள் தாமதத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கணக்கு எளிது. பஃபர் அளவை மாதிரி வீதத்தால் (ஒரு நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற எண்ணால்) வகுத்தால் நேரம் கிடைக்கும். 48,000 வீதத்தில் பஃபர் 1024 என்றால் 21 மில்லி நொடி, 256 என்றால் 5 மில்லி நொடியை ஒட்டி, 128 என்றால் 3 மில்லி நொடிக்கும் குறைவு. இதோடு டிரைவர், ஒலி அட்டை ஆகியவை தம் பங்குக்குக் கொஞ்சம் கூட்டும். காற்றில் ஒலி ஒரு மில்லி நொடிக்கு 34 சென்டிமீட்டர் போகிறது. 10 மில்லி நொடித் தாமதம் என்பது ஒலிபெருக்கியை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பதற்குச் சமம். அதைக் கை பழகிக்கொள்ளும். 30, 40 என்று போனால் தாளம் கலைந்துவிடும்.

விண்டோஸின் வழக்கமான ஒலி வழியில் பஃபரைக் குறைத்தால் ஒலி வெடித்து வெடித்து வரும். தாமதத்தைக் குறைக்கும் ஏஸியோ என்ற வகை டிரைவர் தேவை. தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதற்கான டிரைவர் கூடவே வரும். வாங்கும்வரை ஏஸியோ4ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவி, ரீப்பரின் ஒலிக்கருவி அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். வாசிக்கும்போது 128 அல்லது 256. பதிவெல்லாம் முடிந்து கலவை செய்யும்போது 1024க்கு ஏற்றிவிடுங்கள். அப்போது நீங்கள் எதையும் வாசிக்கப் போவதில்லை, கணினி மூச்சுவிடட்டும்.

தங்கச்சிமடம் டீச்சர்:
கீழக்கரைக் காக்கா, தொண்டித் தம்பி, இருவருக்கும் நன்றி. கம்பி ஹெட்போன், ஏஸியோ4ஆல், பஃபர் 256. இப்போது கை போகும் இடத்தில் ஒலி வருகிறது. 128 வைத்தால் இந்தப் பழைய மடிக்கணினியில் இடையிடையே சொடக்கு விழுகிறது, ஆகவே 256இலேயே இருக்கிறேன். இனி இரண்டாவது சிக்கல்.

தேவிபட்டினம் நாயனம்:
நான் மூன்று தலைமுறையாக நாயனம் வாசிக்கும் குடும்பம். இந்த இழையைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

டீச்சர், உங்களிடம் பணம் இல்லை என்பது புரிகிறது. ஆனால் இதே காரணத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கோயில் கொடைக்கு, கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு. முன்பு எங்களை அழைத்த வீடுகளில் இப்போது பென் டிரைவைச் செருகுகிறார்கள். உங்கள் பிள்ளைகள் கணினி நாயனத்தை நாயனம் என்று நம்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளின் காது சரியாக இருக்கிறது. அதைக் கெடுக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பாம்பன் தெற்குவாடி:
அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் தன் கையால் கற்றுக்கொண்டு வாசிப்பதையும், கல்யாண வீட்டில் பென் டிரைவ் செருகுவதையும் ஒன்றாக வைக்கக் கூடாது. டீச்சர் முயல்கிறார்.

தொண்டி லினக்ஸ்:
ஹார்மோனியத்துக்கும் இதே வழக்கு நடந்திருக்கிறது. கமகம் (சுரத்தை அசைப்பதும் வழுக்குவதும்) வராத கருவி என்று 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1971இல்தான் தளர்த்தினார்கள்.

தேவிபட்டினம் நாயனம்:
தம்பி, தடையைத் தளர்த்தியதால் ஹார்மோனியத்துக்குக் கமகம் வந்துவிட்டதா? கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒன்றுமில்லை என்ற குறை அப்படியேதான் இருக்கிறது. நாயனத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. அந்த ஏழில் எல்லா ராகமும் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். துளையைப் பாதி மூடுகிறோம், சிறிது சிறிதாகத் திறக்கிறோம், மூச்சைக் கூட்டிக் குறைக்கிறோம், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டால் இறுக்கித் தளர்த்துகிறோம். இரண்டு சுரங்களுக்கு நடுவில் இருப்பதுதான் எங்கள் வேலையே.

கீழக்கரை ஒலிக்கூடம்:
அண்ணன், நீங்கள் இப்போது சொன்ன அந்த நடு இடத்தைப் பற்றித்தான் டீச்சரின் கேள்வியே. உங்கள் மூச்சை எந்தச் செருகுநிரலும் தந்துவிடாது, அதில் எனக்கு உங்களோடு வழக்கில்லை. ஆனால் கணினிக் கருவி ஹார்மோனியத்தைவிட ஒரு படி மேலே போகக் கூடியது. பெரும்பாலானவர்கள் அந்தப் படியில் ஏறுவதே இல்லை, அதனால்தான் ஊரெல்லாம் மோசமான நாயனம் கேட்கிறது.

டீச்சர், உங்கள் கீபோர்டின் இடப்பக்கம் இரண்டு சக்கரங்களோ இரண்டு தொடு பட்டைகளோ இருக்கும். விட்டால் தானாக நடுவுக்கு வந்து நிற்பது பிட்ச் சக்கரம். அழுத்த வேகத்துக்கு மிடி 127 படிகள்தான் தருகிறது, பிட்ச் சக்கரத்துக்கோ 16,384 படிகள். சுரத்தை வழுக்கவும் அசைக்கவும் அது போதும். வழக்கமாக அதன் வீச்சு மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு அரைச்சுரம் போனால் சுத்த ரிஷபம், மேலே இரண்டு போனால் சுத்த மத்தியமம். அந்த அசைவு முழுவதும் இந்த வீச்சுக்குள்ளேயே அடங்குகிறது. மோகனத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாருவாக (வழுக்கி) ஏற வேண்டும் என்றால் மூன்று அரைச்சுரம் வேண்டும், அப்போது செருகுநிரலின் அமைப்பில் வீச்சைக் கூட்டுங்கள். 12 வரை கூட்டலாம். ஆனால் கூட்டக் கூட்டச் சக்கரம் கூர்மையாகிவிடும், கை சிறிது நடுங்கினாலும் அபசுரம் தட்டும். நான் 4 அல்லது 5இல் நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது, சுரங்கள் வெட்டி நிற்கும் சிக்கல். உங்கள் செருகுநிரல் ஒவ்வொரு கட்டைக்கும் ஊதத் தொடங்கும் அந்த முதல் ஒலியைப் புதிதாக இயக்குகிறது. அதில் ஒற்றைக்குரல் என்றும் லெகாட்டோ என்றும் இரண்டு அமைப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் இயக்கிவிட்டு, முதல் கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் ஒலி அறுபடாமல் தொடரும். விட்டு அழுத்தினால் புதிதாகத் தொடங்கும்.

தேவிபட்டினம் நாயனம்:
விட்டு அழுத்துவதைத் துத்துகாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நாக்கால் தட்டி ஊதும் இடம் அது. விடாமல் அழுத்துவது ஒரே மூச்சில் விரலை மட்டும் மாற்றுவது. இந்த இரண்டையும் கலந்து வாசிக்காவிட்டால் நாயனம் இல்லை. எங்கே தட்டுவது, எங்கே வழுக்குவது என்று முதலில் வாயால் பாடிப் பழகட்டும். வாயில் வராதது கையில் வராது.

தங்கச்சிமடம் டீச்சர்:
ஐயா, நீங்கள் கோபத்தோடு தொடங்கினாலும் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். மிக்க நன்றி. ஒற்றைக்குரல் அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். இடக்கையால் சக்கரம், வலக்கையால் கட்டை. பாடிப் பார்த்துவிட்டு வாசித்தால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. இப்போது ஒரு புதுச் சந்தேகம். தம்புராச் செருகுநிரலை ஓடவிட்டு மோகனத்தில் காந்தாரத்தில் நீட்டி நின்றால் ஏதோ உரசுகிறது. அழுத்தும் கட்டை சரிதான், சுருதியையும் இரண்டு கட்டை (ஷட்ஜம் D) என்று சரியாகவே வைத்திருக்கிறேன்.

கீழக்கரை ஒலிக்கூடம்:
உங்கள் காதுக்கு ஒரு வணக்கம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி வைத்திருக்கிறது. அதில் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (ஓர் அரைச்சுரம் நூறு சென்ட்) உயரத்தில் நிற்கும். தம்புராவின் தந்தியிலிருந்து தானாக எழும் காந்தாரம் 386 சென்ட். இரண்டு கட்டை சுருதியில் கீபோர்டின் காந்தாரம் 370 ஹெர்ட்ஸ், தம்புராவோடு இணைவது 367. அந்த மூன்று ஹெர்ட்ஸ் விலகல்தான் உங்களுக்கு உரசலாகக் கேட்கிறது. விரைவான சஞ்சாரத்தில் தெரியாது, நீட்டி நின்றால் காட்டிக்கொடுத்துவிடும்.

தீர்வு இரண்டு. வாசிக்கும்போதே காந்தாரத்தில் நிற்கும் இடங்களில் சக்கரத்தை மிக லேசாகக் கீழே இழுத்துத் தம்புராவோடு சேர்த்து நிறுத்தலாம். நாயனக்காரர் உதட்டால் செய்வதும் இதுதான். இல்லையென்றால் சுருதி அட்டவணையை ஏற்றிக்கொள்ளும் கருவியைப் பயன்படுத்தலாம். சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசர் ஸ்காலா என்ற வகைச் சுருதி அட்டவணைக் கோப்புகளைப் படிக்கும். ஆனால் நாயனத்துக்கு முதல் வழியே நல்லது.

தேவிபட்டினம் நாயனம்:
இந்த மூன்று ஹெர்ட்ஸ் கணக்கு எனக்குப் புதிது. ஆனால் எங்கள் அப்பா, சுருதிக்கு ஒரே சுரத்தை ஊதும் ஒத்துக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காந்தாரத்தை மட்டும் நாள் முழுக்க ஊதச் சொன்னது இதற்காகத்தான் என்று இப்போது விளங்குகிறது.

வாலிநோக்கம்:
நடுவே ஒரு சின்னக் குறிப்பு. நம் கரையில் இசைக்கருவியைவிட முதலில் கெடுவது இணைப்பு முனைகள். உப்புக் காற்று யுஎஸ்பி முனையிலும் ஹெட்போன் துளையிலும் பச்சை பூக்கவைக்கும், பிறகு கரகரப்பு. வாசித்து முடித்ததும் கீபோர்டையும் இன்டர்ஃபேஸையும் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். முனைகளை அவ்வப்போது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ஜன்னல் ஓரத்தில் திறந்து வைக்கவே வைக்காதீர்கள்.

தங்கச்சிமடம் டீச்சர்:
நன்றி. டப்பா இன்றே வந்துவிடும். இனி அம்பாப் பாட்டு. பெரியவர்களைப் பள்ளிக்கு அழைத்து ஒருமுறை பாடவைத்தேன். ரீப்பரின் தாளத் தட்டலை ஹெட்போனில் கொடுத்துப் பாடச் சொன்னால் இருவரும் தடுமாறுகிறார்கள். தட்டல் இல்லாமல் பாடினால் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது, ஆனால் காலப்பிரமாணம் கூடிக் குறைகிறது. அதன்மேல் தவிலை எப்படி ஏற்றுவது?

பாம்பன் தெற்குவாடி:
அவர்களுக்குத் தட்டல் வேண்டாம் டீச்சர். அம்பா வலையோடு பிறந்த பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள், அந்த வாங்கலில்தான் இழுப்பு விழும். வலை லேசாக வரும்போது பாட்டு ஓடும். வலையின் மடி மீனால் கனத்து, மணலில் கால் புதையும்போது பாட்டும் இழுபடும். கரைக்கு மடி நெருங்கியதும் எல்லோருக்கும் வேகம் வந்துவிடும். அவர்கள் உட்கார்ந்து பாடினாலும் உடம்பில் அந்த வலை இருக்கிறது. காலப்பிரமாணம் கூடிக் குறைவதைக் குறையாக நினைத்து நேராக்கிவிடாதீர்கள், பாட்டு போய்விடும். முடிந்தால் அவர்கள் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, பிள்ளைகளை மறுமுனையில் பிடிக்கச் சொல்லிப் பாடவையுங்கள்.

கீழக்கரை ஒலிக்கூடம்:
கயிறு யோசனையை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். கணினியில் செய்ய வேண்டியதை நான் சொல்கிறேன்.

முதலில் குரலை மட்டும் தட்டல் இல்லாமல் பதியுங்கள், 24 பிட், 48,000 வீதம். ஒலியளவை உச்சத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மிக உரத்த இடத்திலும் அளவுகோல் கழித்தல் 10க்குக் கீழே நிற்கட்டும். பிறகு பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு இழுப்பும் விழும் இடத்தில் ஒரு வேகக் குறியை வையுங்கள். ரீப்பரில் இரண்டு இழுப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைத் தேர்ந்தெடுத்து, இது ஓர் ஆவர்த்தனம் என்று சொல்லிவிட முடியும். குறி வைக்கும் முன், குரல் துண்டு நேரத்தோடு ஒட்டியிருக்கட்டும், தாளத்தோடு அல்ல என்று அதன் அமைப்பில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் குறியை நகர்த்தும்போது குரலும் நீண்டு சுருங்கும்.

வேலை பொறுமையானதுதான். ஆனால் முடிந்ததும் கணினியின் கட்டம் முழுவதும் அந்தப் பெரியவர்களின் மூச்சுக்கு ஏற்றபடி வளைந்திருக்கும். அதன்மேல் தவிலை வாசித்தால், அவர்கள் நிதானிக்கும் இடத்தில் தவிலும் நிதானிக்கும். எனக்குத் தெரிந்து நாட்டுப்புறப் பாட்டுகளின் பதிவுகளில் பெரும்பாலானவை கெட்டுப்போவது இந்த ஒரு இடத்தில்தான். மென்பொருள் திறந்ததும் 120 என்று ஒரு வேகம் நிற்கும், அதை மாற்றவே தோன்றாமல் பாட்டியையும் தாத்தாவையும் அந்த எண்ணுக்குள் தள்ளுகிறார்கள்.

தவிலைக் கட்டையில் வாசிக்கும்போது கட்டத்தோடு முழுமையாக ஒட்டும்படி திருத்தவும் வேண்டாம். திருத்தியே ஆக வேண்டும் என்றால் பாதி அளவுக்கு மட்டும் இழுங்கள். தவிலின் வலந்தலையை (வலப்பக்கம்) விரல் கூடு போட்ட விரல்களாலும் தொப்பியை (இடப்பக்கம்) கழியாலும் வாசிப்பார்கள் என்பது நினைவிருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் விழாது. எல்லா அடியும் 127 என்று நின்றால் யார் கேட்டாலும் இயந்திரம் என்று சொல்லிவிடுவார்கள்.

தொண்டி லினக்ஸ்:
பதியும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்துங்கள். மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். எர்த் சரியில்லாத கட்டடங்களில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மைக்குக்குள் ஏறிவிடும், பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். கரண்ட் போனாலும் பதிவு அறுபடாது. வெளியே பதிவதானால் மைக்குக்கு உரோம உறை கட்டாயம். கச்சான் காற்று வீசும் காலத்தில் வெறும் பஞ்சு உறை தாங்காது.

பாம்பன் தெற்குவாடி:
அம்பாவுக்கு முன்னால் ஒரு சங்கொலி வைத்தால் என்ன? சங்கு நம் கடல் பொருள். என் வீட்டில் ஊதும் சங்குகள் மூன்று அளவில் இருக்கின்றன. நான் ஊதித் தருகிறேன், அதைக் கட்டையில் வாசிக்கிற மாதிரி செய்ய முடியுமா?

கீழக்கரை ஒலிக்கூடம்:
முடியும் தம்பி. நாமே நம் கருவியைச் செய்துகொள்ளலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. வெளிநாட்டில் யாரோ பதிந்த ஒலிகளை வைத்துக்கொண்டு இது நம் ஒலி மாதிரி இல்லையே என்று வருத்தப்படுகிறோம்.

மூன்று சங்கையும் தனித்தனியாக ஊதுங்கள். ஒவ்வொன்றிலும் மெதுவாகத் தொடங்கி ஓங்கும் ஊதல், எடுத்த எடுப்பிலேயே ஓங்கும் ஊதல் என்று இரண்டு வகை. ஒவ்வொரு வகையையும் நான்கு முறை. ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் காது கண்டுபிடித்துவிடும், நான்கும் மாறி மாறி வந்தால் ஊதுவது போலவே இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் முன்னால் உள்ள வெற்றிடத்தை நறுக்கி, ஒலி தொடங்கும் இடத்தில் கோப்பு தொடங்கும்படி செய்யுங்கள். அங்கே மிச்சம் விட்டால், பஃபரில் போராடிக் குறைத்த தாமதம் இந்த வழியாகத் திரும்ப வந்துவிடும்.

பிறகு எஸ்எஃப்இசட் என்ற வடிவம். அது வெறும் எழுத்துக் கோப்பு, குறிப்பேட்டில் எழுதலாம். எந்த ஒலிக்கோப்பு, அதன் உண்மையான சுருதி எந்தக் கட்டை, எந்தக் கட்டையிலிருந்து எதுவரை அது ஒலிக்க வேண்டும் என்று வரி வரியாக எழுதினால் போதும். ஸ்ஃபோர்ட்சாண்டோ (sforzando) என்ற இலவசச் செருகுநிரல் அதைப் படித்து வாசிக்கும். மூலச் சுருதியிலிருந்து மேலும் கீழும் இரண்டு மூன்று அரைச்சுரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அதற்கு மேல் போனால் ஒலி சுருங்கி விளையாட்டுப் பொருளின் குரல் வந்துவிடும். மூன்று சங்கு இருப்பதால் நல்ல வீச்சு கிடைக்கும்.

என்னிடம் தப்ஸ் என்ற தோல் கருவி இருக்கிறது, இதே முறையில் பதிந்திருக்கிறேன். அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே போகும். மெல்லிய அடிகளைக் காலையிலும் ஓங்கிய அடிகளை மாலையிலும் பதிந்தால் இரண்டும் ஒட்டாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் தோலைச் சூடு காட்டி, முதல் சுற்றின் ஒலியோடு ஒப்பிட்டுவிட்டுப் பதிய வேண்டும்.

தங்கச்சிமடம் டீச்சர்:
தெற்குவாடித் தம்பி, சங்குகளோடு சனிக்கிழமை பள்ளிக்கு வர முடியுமா? பிள்ளைகளையே நறுக்கவும் எழுதவும் வைக்கிறேன். எட்டாம் வகுப்பில் கணினி நன்றாகத் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

எதிரொலி பற்றியும் கேட்க வேண்டும். சங்குக்கு ராமேசுவரம் கோயில் பிராகாரத்தின் எதிரொலி வேண்டும் என்பது என் ஆசை.

தொண்டி லினக்ஸ்:
கோயிலுக்குள் கைப்பேசிக்கே அனுமதியில்லை, மைக்கோடு போவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஊரில் புயல் பாதுகாப்புக் கட்டடம் காலியாக இருந்தால் அனுமதி கேளுங்கள். வெறும் கான்கிரீட் கூடம் அருமையாக முழங்கும். நடுவில் ஒரு பலூனை உடைத்து, ஒலி முழுவதும் அடங்கும்வரை பதிந்துகொள்ளுங்கள். அந்தக் கோப்பை ரீப்பரில் உள்ள ரீவெர்ப் செருகுநிரலில் ஏற்றினால், எந்த ஒலியை அதன் வழியாக அனுப்பினாலும் அந்தக் கூடத்தில் ஒலித்தது போலக் கேட்கும். பலூன் வெடிப்பு மைக்கைப் பிளக்கும், ஒலியளவை நன்றாக இறக்கி வையுங்கள்.

தேவிபட்டினம் நாயனம்:
இத்தனை பேர் இத்தனை அக்கறையாகப் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை எனக்கு முகூர்த்தம் இல்லை. நாயனத்தோடு வருகிறேன். காசு வேண்டாம், பஸ் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு நிபந்தனைகள். மோகனத்தை நான் நேராக வாசிக்கிறேன், அதை அப்படியே பதிந்து விழாவில் போடுங்கள். கணினி நாயனம் அதற்குப் பதிலாக வர வேண்டாம். அடுத்து, என் ஒலியைச் சுரம் சுரமாக நறுக்கிக் கருவியாகச் செய்ய விரும்பினால், அது பிள்ளைகள் பாடம் படிக்க மட்டும் பயன்படட்டும். என்னைக் கேட்காமல் வெளியே யாருக்கும் போகக் கூடாது. சங்கு ஊதுகிற தம்பிக்கும் பாடுகிற பெரியவர்களுக்கும் இதே உரிமை உண்டு.

தங்கச்சிமடம் டீச்சர்:
ஐயா, படித்ததும் கண் கலங்கிவிட்டது. இரண்டுக்கும் முழுச் சம்மதம். பதிவுக் கோப்புறையிலேயே யார் யாருடைய ஒலி, எதற்கு அனுமதி என்று எழுதி வைத்துவிடுகிறேன். பஸ் செலவை நீங்கள் பார்க்கக் கூடாது, அது எங்கள் கடமை. நான் வாசித்துப் பழகிய மோகனத்தை உங்களிடம் வாசித்துக் காட்டுவேன், திருத்திக் கொடுக்க வேண்டும்.

கீழக்கரை ஒலிக்கூடம்:
அண்ணன் வருவதானால் நானும் என் மைக் இரண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். நாயனத்துக்கு மைக்கை அணசுக்கு (விரிந்த அடிவாய்) நேராக நெருக்கி வைக்கக் கூடாது. ஒலி அங்கிருந்து மட்டும் வருவதில்லை, துளைகளிலிருந்தும் வருகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் முழுக் குரலும் கிடைக்கும். சங்குக்கும் அதே இடைவெளி.

தங்கச்சிமடம் டீச்சர்:
சனிக்கிழமை வேலை முடிந்து, கலவையும் முடிந்துவிட்டது. அம்பாவைக் கயிறு பிடித்தே பாடினார்கள். பிள்ளைகள் மறுமுனையில் இழுக்க இழுக்கப் பெரியவர்களின் குரல் ஏறியது. வேகக் குறிகளை நானும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து வைத்தோம். தவிலும் தம்புராவும் மட்டும் கணினிக் கருவிகள், மற்றவை எல்லாம் நாமே பதிந்த ஒலி. தம்பி ஊதிப் பதிந்த சங்கைப் பிள்ளைகளே கட்டையில் வாசிக்கிறார்கள். மைக்செட்காரர் பென் டிரைவில் கேட்கிறார். எந்த வடிவத்தில் கொடுப்பது?

கீழக்கரை ஒலிக்கூடம்:
அவருடைய கருவி எதைப் படிக்கும் என்று முதலில் கேட்டுவிடுங்கள். எம்பி3 என்றால் 320 கேபிபிஎஸ் வீதத்தில் கொடுங்கள். உங்களுக்கென்று 24 பிட் வேவ் கோப்பையும், மிடி செய்திகள் உள்ள ரீப்பர் கோப்புறை முழுவதையும் வேறு ஒரு வட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி மைதானத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் போகும். ரீப்பரின் மாஸ்டரில் மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள், ஏதாவது கருவி மெலிந்து காணாமல் போனால் அதை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். குழாயில் தாழ்ந்த ஒலி வராது. தவிலின் தொப்பி கேட்கவில்லை என்று பிறகு வருந்த வேண்டாம், அதன் கழி அடி கேட்கும்படி 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் உயர்த்திவிடுங்கள்.

தங்கச்சிமடம் டீச்சர்:
மோனோவில் தம்புரா மெலிந்துவிட்டது, நடுவுக்குக் கொண்டுவந்தேன். தொப்பியையும் உயர்த்திவிட்டேன். கோப்பு மைக்செட்காரரிடம் போய்விட்டது. மாலையில் மைதானத்தில் ஒருமுறை ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.